சொல்லிவிட்டுச் செய்தவர்

அவர் எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார்.

"இப்ப பிரேக் போடப் போறேன்." போடுவார். "இப்ப கதவச் சாத்தப் போறேன், விரல உள்ள எடுங்க." சாத்துவார். "இப்ப ஹாரன் அடிக்கப் போறேன், காதப் பொத்திக்கிறவங்க பொத்திக்கலாம்." கொஞ்சம் பொறுத்துத்தான் அடிப்பார். அதற்குள் முன்னால் நின்ற கார் போயிருக்கும்.

கிள்ளானில் எங்கள் பிளாட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அவருடையது. பழைய வெள்ளை வேன். பதினான்கு பிள்ளைகள். பதினான்கு பேரும் அவரை 'இப்ப ஆன்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. அது இங்கே வேண்டாம். பிள்ளைகள் வைத்ததுதான் சரியான பெயர்.

ஒரு நாள் காலையில் குறுக்கே நாய் ஓடியது. சொல்ல நேரமில்லை. பிரேக்கை மிதித்துவிட்டார். பிறகு வேனை ஓரம் கட்டி, பின்னால் திரும்பி, "சொல்லாம போட்டுட்டேன், மன்னிச்சிக்குங்க" என்றாராம். என் மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"நாய்கிட்டயும் சாரி சொன்னாங்கப்பா."

பிள்ளைகள் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்கள். ஒரு பயல், "ஆன்டி, இப்ப நான் குசு விடப் போறேன்" என்றானாம். வேனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சொன்னதுக்கு நன்றி. எல்லாரும் ஜன்னலத் தொறங்க" என்றாராம்.

மகளை முதல் நாள் நான்தான் வேனுக்குக் கூட்டிப் போனேன். அப்போது அவள் இரண்டாம் ஆண்டு. அவர் இறங்கி வந்து அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"பாப்பா, இப்ப உன் கையப் புடிச்சி மேல ஏத்தப் போறேன். சரியா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"அப்பா ஆட்டுனா பத்தாது. கை உன்னோடது. நீதான் சொல்லணும்."

"சரி" என்றாள் மகள்.

ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். "அண்ணே என்ன வேல?"

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன்கா. போர்ட் கிள்ளான்ல."

"ரிவர்ஸ் எடுத்தா பீப் பீப்னு கத்துமே, அதுவா?"

"ஆமா."

"நல்ல வண்டி" என்றார்.

கொஞ்சம் மறை கழன்ற ஆள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். யார் மூத்தவர் என்று கடைசி வரை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். நாங்கள் ஐந்தாவது மாடி. என் மனைவி டெங்கியில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளி விட்டதும் மகள் அவர் வீட்டில் இருப்பாள். நான் ஆறு மணிக்கு வந்து கூட்டிப் போவேன்.

இனி எழுதுவதை எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. நான் மகளை அடித்துக்கொண்டிருந்தேன்.

ரோத்தான் பிரம்பு எதுவும் வாங்கி வைக்கவில்லை. கைதான். பள்ளிக்குப் போடும் சப்பாத்தைக் காணோம் என்பாள். கூப்பிட்டால் தாமதமாக வருவாள். அதற்கு அடி. சில சமயம் பேசிக்கொண்டே இருப்பேன், சிரித்துக்கொண்டும் இருப்பேன். கை எழுந்துவிடும். எப்போது எழும் என்று எனக்கே தெரியாது.

என் அப்பாவுக்கும் அப்படித்தான். ரவாங் பக்கம் தோட்டத்து லைன் வீடு. அவர் செருப்புச் சத்தத்தை வைத்து அன்றைய நிலைமையைத் தெரிந்துகொள்வோம். வெறுங்காலில் வந்தால் ஒன்றும் தெரியாது. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றது. பதினான்கு வயதில் வீட்டை விட்டு ஓடி வந்துவிட்டேன். எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். அப்பாவின் கை என்னோடு வந்தது தெரியவில்லை.

மனைவி இருந்தவரை அவள் நடுவில் வந்து நிற்பாள். பிறகு நடுவில் யாரும் இல்லை.

பள்ளியில் ஒரு முறை தடுப்பூசி போட வந்தார்கள். தாய்மார்கள் யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்குப் போகமாட்டார்கள். இவர் வேனில் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு சின்னப் பிள்ளைங்களுக்கு ஊசி போடப் போறாங்க. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னு நர்ஸ் சொல்லுவாங்க. அத விடக் கொஞ்சம் கூட வலிக்கும். பத்து எண்ணுனா போயிரும்."

வேன் முழுக்க அழுகை. பெரிய பிள்ளைகளும் கூடச் சேர்ந்து அழுதார்கள். சாயங்காலம் தாய்மார்கள் கீழே கூடி அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ராணி என்று ஒருவர், மூன்று பிள்ளைகளின் தாய், பிளாட்டிலேயே பெரிய குரல் அவருடையதுதான்.

"ஒங்கள யாருக்கா சொல்லச் சொன்னா? வேன் ஓட்டுற வேலைய மட்டும் பாருங்க லா."

"ஊசி போடுற இடத்துல எத்தன பேர் அழுதாங்கன்னு டீச்சரக் கேளுங்க" என்றார்.

ராணி கேட்டார். நம் வேன் பிள்ளைகள் யாரும் அழவில்லை. வரும்போதே அழுது முடித்திருந்தார்கள்.

இந்தப் பழக்கம் அவரைத் தொல்லையிலும் மாட்டிவிடும். ஒரு முறை ரோட்பிளாக்கில் போலீஸ் நிறுத்தினார்கள். லைசென்ஸ் கேட்டார்கள். இவர் மலாயில், "என்சிக், இப்ப நான் சீட்டுக்குக் கீழ கைய விடப் போறேன்" என்றிருக்கிறார். போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்தார். பிறகு வேன் முழுவதும் சோதனை. அன்று பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குத் தாமதம். தலைமையாசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளையும் நடந்ததைத் தனித்தனியாக நடித்துக் காட்டியது.

அடுத்த வருடம் அவர் பிறந்தநாளுக்கு ராணிதான் திட்டம் போட்டார். ஊசி விஷயத்தில் திட்டியது அவருக்கு மனதில் இருந்திருக்கும். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் செய்தி. சனிக்கிழமை சாயங்காலம், பிளாட்டின் கீழே பொது மண்டபம். ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, நாங்கள் முப்பது பேர் மூச்சு விடாமல் நின்றோம். ஒரு பிள்ளை உள்ளே விழுந்துவிட்டது என்று சொல்லி அவரை வரவழைத்தார்கள்.

அவர் கதவைத் திறந்தார். விளக்கு எரிந்தது. முப்பது பேரும் "சர்ப்ரைஸ்!" என்று கத்தினோம். யாரோ பலூனை வேறு உடைத்தார்கள்.

அவர் அப்படியே குந்திவிட்டார். இரண்டு கையும் தலைக்கு மேல். முழங்கை முன்னால். முகம் முழங்காலுக்குள். எழவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ராணி கையில் கேக்கோடு நின்றார்.

"என்னக்கா, சும்மா வெளாட்டுதானே" என்றார். குரல் சிறியதாக வந்தது.

யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு அந்தக் குந்தல் தெரியும். முழங்கையை எப்படி வைத்தால் காது தப்பும் என்று தெரிந்தவர்தான் அப்படிக் குந்துவார். நானும் அப்படிக் குந்தியிருக்கிறேன். ஆனால் கால் நகரவில்லை.

என் மகள் நடந்து போனாள். அவர் முன்னால் அதே மாதிரி குந்தினாள்.

"ஆன்டி, நான்தான். இப்ப ஒங்க கையப் புடிக்கப் போறேன். சரியா?"

அவள் கையை நீட்டியபடி காத்திருந்தாள். பிறகு உள்ளேயிருந்து "சரி" என்று வந்தது. பிடித்தாள்.

அன்று கேக் சாப்பிட்டோம்.

மறுநாள் ஞாயிறு. கீழே அவர் வேன் கழுவிக்கொண்டிருந்தார். நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நில்லுங்க. இப்ப ரெண்டு விஷயம் பேசப் போறேன். ஒன்னு என்னப் பத்தி. இன்னொன்னு ஒங்களப் பத்தி. ரெண்டாவதுக்குக் கோவம் வரும்."

நின்றேன்.

"எனக்கு ஊரு டெங்கில் பக்கம் எஸ்டேட். அம்மா செத்துட்டாங்க, மாமா வீட்டுல வளந்தேன். அத்த நல்லா தல சீவி விடுவாங்க. சீவிக்கிட்டே இருக்கும்போது சீப்பால விழும். ஏன்னு தெரியாது. மறுபடி சீவுவாங்க. அடி வலி போயிரும் அண்ணே. அடுத்தது எப்ப வரும்னு உக்காந்திருக்கோமே, அதுதான் போகாது. அப்பவே நெனச்சிக்கிட்டேன். நான் பெரியவளானா, என் பக்கத்துல இருக்கிற யாருக்கும் திடீர்னு ஒன்னும் வரக் கூடாது."

"நேத்து ஒங்களுக்கே வந்துருச்சே" என்றேன்.

சிரித்தார். "ராணி பாவம். கேக் நல்லா இருந்திச்சி."

குழாயை மூடினார்.

"இப்ப ரெண்டாவது. நேத்து நான் குந்துனதப் பாத்து எல்லாரும் முழிச்சாங்க. பாப்பா முழிக்கல. அவளுக்கு அது என்னன்னு தெரியுது. எப்படித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"அடிப்பேன்" என்றேன்.

"சொல்லிட்டா அடிப்பீங்க?"

"இல்ல."

"ஒங்களையும் அடிச்சிருக்காங்க."

"ம்."

அதுவரை யாரிடமும் நான் அந்த 'ம்' சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

அவர் திட்டவில்லை. டயரைத் துடைத்துக்கொண்டே பேசினார். "இனிமே அடிக்காதீங்கன்னு நான் சொன்னா தலையாட்டுவீங்க. அது வேணாம். கை தூக்குறதுக்கு முன்னாடி வாயால சொல்லுங்க. 'இப்ப ஒன்ன அடிக்கப் போறேன்'னு சொல்லுங்க. சொல்லிட்டு அவ மூஞ்சப் பாருங்க."

"அது என்னக்கா வெளையாட்டு?"

"செஞ்சு பாருங்க. இன்னொன்னும் இப்பவே சொல்லிடுறேன். அதுக்கப்புறமும் அடிச்சீங்கன்னா நான் டீச்சர்கிட்ட சொல்லப் போறேன். அவங்க வெல்ஃபேருக்குப் போன் போடுவாங்க. பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போனாலும் போயிருவாங்க. பின்னாடி அக்கா சொல்லலன்னு சொல்லக் கூடாது."

கோபம் வந்தது. அவர் சொன்ன மாதிரியே வந்தது. கடைக்குப் போகாமல் மேலே ஏறிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். மகள் தட்டோடு வந்தவள் தடுக்கி, சாம்பாரை என் யூனிஃபார்மில் கொட்டிவிட்டாள். கை நெஞ்சு வரை வந்தது. எப்படியோ வாய் முந்திக்கொண்டது.

"இப்ப ஒன்ன அடிக்கப் போறேன்."

சொன்ன குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. மகள் தட்டைக் கீழே வைத்தாள். குந்தவில்லை.

"ஏம்ப்பா?" என்றாள்.

அழவில்லை. உண்மையாகவே கேட்டாள். நான் பதில் தேடினேன். சட்டையில் சாம்பார் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. கையை இறக்கினேன். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அன்று கிடங்கில் ஒரு அடுக்கையே இடித்துத் தள்ளினேன்.

அப்படி மூன்று முறை. மூன்று முறையும் அவள் ஏன் என்று கேட்டாள். மூன்று முறையும் கையை இறக்கினேன்.

நான்காவது முறை அவள் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாள். நான் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்டாள். அந்தக் கேள்வியே என்னைக் கிளப்பிவிட்டது. அடித்துவிட்டேன். கன்னத்தில் நான்கு விரல்.

மறுநாள் காலை நானே வேனுக்குக் கூட்டிப் போனேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னை.

"சொல்லிட்டுத்தான்கா அடிச்சேன்" என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"தெரியும். நானும் ஒங்ககிட்ட சொல்லியிருக்கேன். இன்னைக்கு டீச்சர்கிட்ட பேசப் போறேன்."

"அக்கா, வேணாங்கா. அவள விட்டா எனக்கு யாரும் இல்ல."

"அவளுக்கும் ஒங்கள விட்டா யாரும் இல்ல. அதுக்குத்தான்."

பேசினார். இரண்டு நாளில் பள்ளியில் கூப்பிட்டார்கள். பிறகு வெல்ஃபேரிலிருந்து ஒரு மேடம் வீட்டுக்கு வந்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினார். அரை மணி நேரம் ஐந்தாவது மாடி நடையில் நின்றேன். உள்ளே அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. அவளைக் கூட்டிப் போகப் போகிறார்கள் என்று முடிவு செய்து, அவள் துணிகளில் எதை எடுத்து வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மேடம் வெளியே வந்தார்.

"உங்க மக என்ன சொல்லிச்சு தெரியுமா? அப்பா முன்னெல்லாம் சொல்லாம அடிப்பாரு, இப்ப சொல்லிட்டு நிக்கிறாரு, மூணு தடவ அடிக்கல, ஒரு தடவ அடிச்சிட்டாருன்னு சொல்லிச்சு. உங்க கூடவே இருக்கணுமாம்."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"சனிக்கிழமை தோறும் கவுன்சலிங் வரணும். ஆறு மாசம். ஒரு வாரம் வரலன்னாலும் நான் திரும்ப வருவேன்."

ஒரு வாரமும் விடவில்லை. முதல் மாதம் அங்கே நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இரண்டாவது மாதம் அப்பாவின் செருப்பைப் பற்றிச் சொன்னேன். பிறகு மற்றது வந்தது. எல்லாம் வந்தது என்று சொல்லமாட்டேன்.

அந்த ஆறு மாதமும் நான் அக்காவோடு பேசவில்லை. காட்டிக்கொடுத்தவர் என்றுதான் மனதில் இருந்தது. மகளைக் கூட்ட மூன்றாவது மாடிக்குப் போவேன். வாசலில் நின்று மகளை மட்டும் கூப்பிடுவேன். அவர் உள்ளேயிருந்து, "அண்ணே, பாப்பா சப்பாத்து போட்டுக்கிட்டு இருக்கா. ரெண்டு நிமிசத்துல வெளிய வரப் போறா" என்பார். ஒரு நாளும் அதை விடவில்லை.

கவுன்சலிங் முடிந்த வாரம். வேனுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். என்ன சொல்வது என்று மூன்று நாள் யோசித்து வைத்திருந்தேன்.

"பசியாறியாச்சாக்கா?" என்றேன்.

"ஆச்சி அண்ணே. நீங்க?"

"ஆச்சி."

அவ்வளவுதான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் மகளை அடிக்கவில்லை. கோபம் போகவில்லை. வருகிறது. "இப்ப எனக்குக் கோவம் வருது, கீழ போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். ஐந்து மாடி இறங்கி, ஐந்து மாடி ஏறினால் கால்தான் வலிக்கும். லிஃப்ட் கெட்டுக் கிடந்தது ஒரு வகையில் நல்லது. ஆனால் மகளுக்கு அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. நான் பக்கத்தில் வேகமாகத் திரும்பினால் அவள் தோள் ஏறும். அடிப்பதை நிறுத்திப் பல வருடம் கழித்தும் ஏறியது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மெதுவாகத் திரும்பப் பழகினேன்.

கோவிட் காலத்து பி.கே.பி. ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தன. திறந்த பிறகு வேனில் பாதிப் பிள்ளைகள்தான். செமினியில் அவர் தங்கை ஒரு பிள்ளைகள் காப்பகம் வைத்திருந்தார். அங்கே போக முடிவு செய்தார். ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். "இன்னும் இருவது நாள்ல போகப் போறேன்." "இன்னும் பத்தொம்பது நாள்ல." ராணிக்குப் பொறுக்கவில்லை.

"தெனம் தெனம் சொல்லி ஏன்கா கொல்றீங்க? ஒரேயடியாப் போயிருங்களேன்."

"அப்படிப் போறவங்களத்தான் ராணி எனக்குத் தெரியும்" என்றார்.

பிள்ளைகள் முதல் வாரம் அழுதார்கள். கடைசி நாள் யாரும் அழவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். ராணிதான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதார்.

மகள் அப்போது இடைநிலைப்பள்ளி. வேனில் போவதில்லை. அவர் அவளிடம் வந்தார். "பாப்பா, இப்ப ஒன்னக் கட்டிப் புடிக்கப் போறேன்..." முடிப்பதற்குள் அவள் கட்டிக்கொண்டாள்.

என்னிடம், "அண்ணே, வரேன்" என்றார்.

"சரிக்கா" என்றேன்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். பிறகு அவர் எண் மாறிவிட்டது. செமினி ஒன்றும் தூரமில்லை. போகவில்லை. போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மகள் இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. கிள்ளானில் ரயில் ஏறிப் போவேன். இருவரும் சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்து திரும்புவோம். போன வாரம் பூக்கடைகள் பக்கம் சாலையோரம் நின்று அவள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு பக்கமாக வந்திருக்கிறாள். பின்னால் வந்து, இரண்டு விரலால் என் விலாவில் குத்தி, காதுக்குள் "ஹோய்!" என்று கத்தினாள்.

வெடுக்கென்று திரும்பினேன். கை எழுந்துவிட்டது. தோளுக்கு மேலே, விரல்கள் விரிந்து. இத்தனை வருடத்துக்குப் பிறகும். அவள் முகம் அந்தக் கைக்கு நேராக இருந்தது. இறக்க வரவில்லை.

அவள் அந்தக் கையை நிமிர்ந்து பார்த்தாள். தோள் ஏறவில்லை.

"என்னப்பா, பஸ்ஸ நிறுத்துறீங்களா?" என்றாள்.

பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி, அந்தக் கையிலேயே மாட்டினாள்.

"புடிங்க, கனமா இருக்கு. வாங்க, பசிக்குது" என்று சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.

பை நிறையப் புத்தகம். கை வலித்தது. இறக்காமலே கொஞ்ச தூரம் அவள் பின்னால் நடந்தேன்.